தீவில் ஓர் இரவு

ஆற்று நடுவே ஒரு தீவில் இரவு தங்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல வருஷங்களாக இருந்து வந்தது. கடைசியில் அது சிவசமுத்திரத்தில் நிறைவேறியது.

"சிவசமுத்திரம் கன்னட நாட்டு ஊராயிற்றே, கோயம்புத்தூர்க்காரருக்கு அங்கே என்ன வேலை?" என்று நேயர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. 1956-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் முடியும் வரையில் அந்தத் தீவு எங்கள் ஜில்லாவைச் சேர்ந்ததுதான். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு கொள்ளேகால் பகுதி ஆங்கிலேயர் வசமாகி, நெடுங்காலம் கோயம்புத்தூர் ஜில்லாவின் ஒரு தாலுகாவாக இருந்தது. ராஜ்யங்களைப் பிரித்துச் சேர்த்த 1956 நவம்பர் முதல் தேதியன்று மைசூரோடு போயிற்று. கோடு மாறியது; ஆறு மாறவில்லை. அங்கே பாறையில் மோதி விழும் தண்ணீர்தான் ஒகேனக்கல்லையும் மேட்டூரையும் கடந்து பவானிக் கூடுதுறைக்கு வருகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

சத்தியமங்கலம் தாண்டி, பண்ணாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுகளையும் ஏறினால் ஆசனூர். அப்புறம் சாம்ராஜநகர், கொள்ளேகால். பொழுது சாயும் நேரத்தில் தீவில் இறங்கினேன். காவிரி இங்கே இரண்டாகப் பிரிந்து, சுமார் மூன்று மைல் நீளமுள்ள தீவை அணைத்துக்கொண்டு போகிறது. மேற்குக் கிளை ககனசுக்கி அருவியாகவும் கிழக்குக் கிளை பரசுக்கி அருவியாகவும் விழுகின்றன. ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஆதிரங்கம் என்றும், நம் ஸ்ரீரங்கத்தை அந்தியரங்கம் என்றும் சொல்வார்கள். இடையிலுள்ள இந்தத் தீவில் பள்ளிகொண்டிருப்பவர் மத்தியரங்கநாதர்.

தண்ணீர்க் கரையை ஒட்டிய ஓர் எளிய விடுதியில் எனக்கு அறை கிடைத்தது. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஆற்றைப் பார்த்த ஒரு ஜன்னல். காவற்காரப் பெரியவர் மாதேஸ்வரன் மலைப் பக்கத்துக்காரர். கன்னடவாடை கலந்த தமிழ் பேசினார். ராகிக் களியும் கீரைக் குழம்பும் வைத்துவிட்டு, "கதவைச் சாத்திக்குங்க சாமி, குரங்கு வரும்" என்று எச்சரித்துவிட்டுப் போனார். விளக்கை அணைத்ததும் அருவியின் ஓசை அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தூக்கம் வரவில்லை, தீவின் சரித்திரந்தான் வந்தது.

ஒரு காலத்தில் இங்கே கோட்டையும் கொத்தளமுமாக ஒரு நகரம் இருந்தது. உம்மத்தூர்த் தலைவன் கங்கராஜன் ஆண்டான். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிருஷ்ணதேவராயர் அவனை வென்றார். கடைசி அரசன் குதிரையின் கண்ணைக் கட்டி, அருவிக்குள் பாய்ந்து உயிர் விட்டான் என்பது செவிவழிக் கதை. பிறகு நகரம் பாழாயிற்று. 1800-ல் பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்துக்கார உத்தியோகஸ்தர் வந்து, இரண்டு அருவிகளையும் பார்த்து எழுதி வைத்தார்.

அந்தப் பாழூருக்கு மறுபடி வழி உண்டாக்கியவர் ராமசாமி முதலியார். மைசூர் ரெசிடெண்டிடம் நம்பிக்கைக்குரியவராக உத்தியோகம் பார்த்தவர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இடிந்து கிடந்த பழைய பாலங்களை எடுத்துக் கட்டினார். இந்தப் பாலங்களில் வளைவு கிடையாது. ஆற்றுப் பாறைமேல் கல் தூண்களை வரிசையாக நிறுத்தி, தூணுக்குத் தூண் கல் உத்தரம் தூக்கி வைத்து, அதன்மேல் பாதை போட்டார்கள். கோயில்களையும் செப்பனிட்டார் முதலியார். ஆங்கில சர்க்காரும் மைசூர் அரசும் அவருக்குக் கிராமங்களை ஜாகீராக அளித்தன. கூடவே, 'ஜனோபகார காமகர்த்தா' என்ற பட்டமும் கிடைத்தது.

பழைய கெஜட்டியர்கள் இன்னொரு செய்தியும் சொல்கின்றன. அருவியைப் பார்க்க வரும் ஐரோப்பியர் தங்குவதற்காக முதலியார் தீவில் ஒரு பங்களாவும் கட்டினார். இதைப் படித்தபோதுதான் எங்கள் அப்பாரு சொன்ன கதை எனக்கு விளங்கிற்று.

அப்பாரு சிறுவனாக இருந்தபோது, 1910-ஐ ஒட்டிய காலம், தம் தகப்பனாருடன் வெல்ல வண்டியில் மலையேறிக் கொள்ளேகாலுக்குப் போனாராம். சந்தை முடிந்து, ரங்கநாதரைச் சேவிக்கத் தீவுக்கு வந்தார்கள். இருட்டிவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. பாலத்தருகே வண்டியை அவிழ்த்துப் போட்டு, வண்டிக்கு அடியிலே சாக்கை விரித்துப் படுத்தார்கள். எட்டத்தில் ஒரு பங்களாவில் விளக்கு எரிந்தது.

"அங்கே போய் ஒண்டிக்கக் கேக்கலீங்களா அப்பாரு?" என்று நான் கேட்டேன்.

"அது துரைமாரு தங்கற எடம் கண்ணு. கேக்கோணும்னே எங்கப்பனுக்குத் தோணல" என்றார்.

கேட்டு இல்லையென்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிராது. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை! அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே, 1902-ல், இந்த அருவியருகே மின்சார நிலையம் வேலை தொடங்கியிருந்தது. அந்நாளில் உலகிலேயே மிக நீண்ட மின்கம்பி வரிசைகளுள் ஒன்று, 92 மைல் தூரம், கோலார் தங்கச் சுரங்கத்துக்கு இங்கிருந்து சக்தியைக் கொண்டுபோயிற்று. பாலத்தடியில் படுத்திருந்த பையனுக்கு ஒளி தந்தது வண்டியில் தொங்கிய அரிக்கேன் விளக்குத்தான்.

முதலியார்மேல் எனக்குக் கோபம் வந்தது. வெள்ளைக்காரனுக்குக் கட்டிலும் நம்மவனுக்கு ஈரச் சாக்குமா ஜனோபகாரம்? நடுநிசி வரையில் அவரோடு வழக்காடிக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. அப்பாருவின் வண்டி அந்தத் தீவுக்கு வந்தது எப்படி? முதலியார் எடுத்துக் கட்டிய பாலத்தின் மேலேதான். துரையின் குதிரையும் வெல்ல வண்டியும் அந்தக் கல்லுக்கு ஒன்றுதான். எஜமானர்களை மகிழ்விக்க ஒரு பங்களா. எல்லாரும் கடக்க ஒரு பாலம். ஒரே மனிதரிடம் இரண்டு மனசும் இருந்திருக்கின்றன. நம்மில் பலரிடமும் இருப்பதுதானே!

காலையில் பெரியவர் காப்பியோடு வந்தார். "ராத்திரி தூங்கினீங்களா சாமி?"

"எங்கே! அருவி விடவில்லை."

"புதுசா வர்றவங்களுக்கு அப்படித்தான். எங்களுக்கு, கோடையிலே அந்தச் சத்தம் கொறைஞ்சாத்தான் தூக்கம் போயிரும்" என்று சிரித்தார்.

அவரையும் அழைத்துக்கொண்டு பழைய பாலத்தைப் பார்க்கப் போனேன். 2018 வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி அடித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சத் தூண்கள் நிற்கின்றன. பாலத்துக்கு ஊரார் வழங்கும் பெயர் என்ன தெரியுமா? வெஸ்லி பாலம்! பெயர் வெள்ளைக்காரனுடையது, முயற்சி முதலியாருடையது, அந்தக் கற்களைத் தூக்கி நிறுத்திய தோள்களுக்கோ பெயரே இல்லை.

"இந்தப் பாலத்துப் பக்கத்திலேதான் எங்கள் அப்பாரு ஒரு ராத்திரி படுத்திருந்தார்" என்றேன்.

பெரியவர் தூண்களையும் என்னையும் பார்த்தார். "அவரை ஒருக்கா கூட்டிட்டு வந்திருக்கலாமே, சாமி! ரூம்தான் இருக்குதே" என்றார்.

அப்பாரு காலமாகி வெகு காலம் ஆகிவிட்டது என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.