திரிகடுகம் இடித்த கைகள்

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் தென்காசி வீடுகளில் தடுமமும் வந்துவிடும். அருவியில் குளித்ததால் வந்தது என்போம். காரணம் தண்ணீரல்ல, ஆளுக்கு ஆள் தொற்றும் வைரஸ்கள். அவற்றில் முக்கியமான ரைனோவைரஸ் 1950களிலேயே கண்டறியப்பட்டது. ஆன்டிபயாடிக் இவற்றை ஒன்றும் செய்யாது. ஏழு முதல் பத்து நாளில் சளி பெரும்பாலும் தானே அடங்கும். அதுவரை உபாதையைத் தணிக்கத்தான் முடியும். அந்தத் தணிப்பின் வரலாற்றைத் தேடினால், வீட்டுக்குள் பெண்கள் செய்த, எழுத்தில் ஏறாத உழைப்பில் போய் நிற்கிறேன்.

பதினெண்கீழ்க்கணக்கில் மூன்று நூல்கள் மருந்தின் பெயரைச் சூடியவை: நல்லாதனாரின் திரிகடுகம், காரியாசானின் சிறுபஞ்சமூலம், கணிமேதாவியாரின் ஏலாதி. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்தது திரிகடுகம். உடல்நோய்க்கு மூன்று மருந்து, மனநோய்க்கு மூன்று கருத்து என்று வகுப்பில் விளக்குகிறோம். அந்தச் சுக்கைத் தட்டி, இடித்து, சலித்தவர் யார் என்று கேட்பதில்லை. இல்லாள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் அறநூல், அவள் கைக்குத் தெரிந்த மருந்தைப் பற்றி மௌனமாக இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் மலைவளத்தைச் சொல்பவள் குறத்திதான். ஆனால் அவள் வாய்வழியாகவே காயசித்தி மூலிகை சித்தர்களுக்குப் போய்ச் சேர்கிறது. பெண்ணுக்கு வாய்த்தது குறி சொல்லும் வேலை.

தென்காசிக்கு அருகே சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். தஞ்சாவூரில் சித்த மருந்துகளால் பெயர்பெற்றார். 1917இல் வெளிவந்த கருணாமிர்த சாகரம் அவரை இசை வரலாற்றில் நிறுத்தியது. அவர் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் ஆசிரியர். கணவரின் மருத்துவப் பணிக்குத் துணைநின்றவர். பண்டிதரின் வரலாற்றில் அவருக்குக் கிடைப்பது ஓரிரு வரிகள்.

இதற்கு எதிர்வினையாக ‘பாட்டி வைத்தியம்’ என்று கொண்டாடுவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. நொச்சி இலை போட்டு வேது பிடித்தால் மூக்கடைப்பு சற்று இளகியதுபோல் இருக்கும். நோயின் நாட்கள் குறைவதில்லை. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவதும் நடக்கிறது. பெண்களின் அறிவை மதிப்பது என்றால் அதைச் சோதித்துப் பார்க்கவும் வேண்டும். வெறும் புகழ்ச்சி, அடுத்த கஷாயத்தையும் அவளே வைக்க வேண்டும் என்பதில்தான் முடிகிறது.

அவளுக்கே சளி பிடித்தால்? தென்காசி, ஆலங்குளம், கடையம் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவர்களையும் கணக்கில் கொண்டது. ஆனாலும் படுத்த நாளில் பீடி எண்ணிக்கை ஏறாது. அதனால் மூக்கைச் சிந்திக்கொண்டே, புகையிலைத் தூளுக்கு இருமிக்கொண்டே, மடியில் பீடித்தட்டோடு உட்கார்கிறார்கள். நடுவில் எழுந்து பிள்ளைக்குச் சுக்குத் தண்ணீர் போடுகிறார்கள்.

சளிக்கு உண்மையில் உதவுபவை எளியவை: ஓய்வு, சூடாகக் குடிக்க ஏதாவது, கவனித்துக்கொள்ள ஓர் ஆள். இந்த மூன்றையும் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தவர்கள் பெண்கள். அவர்களுக்கு இவை கிடைத்தனவா என்று கேட்டு எழுதப்பட்ட மருத்துவ வரலாறு நம்மிடம் மிகக் குறைவு. மாணவிகள் அதைத் தங்கள் வீட்டு அடுப்படியிலிருந்தே தொடங்கலாம். அம்மா கடைசியாகக் காய்ச்சலில் படுத்தபோது கஷாயம் வைத்தது யார் என்பதை முதல் கேள்வியாக எழுதிக்கொள்ளுங்கள்.