தேய்மானம் போக மிச்சம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கம் போயிருக்கிறீர்களா? கரையேற்றிய பழைய விசைப்படகில் உளுத்த பலகையைக் கழற்றிப் புதுப் பலகை அடித்துக்கொண்டிருப்பார்கள். இதைத் தலைமுழுகிவிட்டுப் புதுசு வாங்கக்கூடாதா என்று கேட்டுப் பாருங்கள். புதுசு வர்ற வரைக்கும் எதில் கடலுக்குப் போறது என்று திருப்பிக் கேட்பார்கள்.

இந்தியக் கடற்படைக்கும் இதே கதைதான். ராஜ்புத், ராணா, ரஞ்சித், ரண்வீர், ரண்விஜய். ஐந்தும் நாசகாரிக் கப்பல்கள். டெஸ்ட்ராயர் என்றால் சட்டென்று புரியும். சோவியத் யூனியனில் கட்டியவை. முதலாவதான ராஜ்புத் சேர்ந்தது 1980 மே 4-ல். கடைசி ரண்விஜய், 1987-ல். ஒவ்வொன்றும் சுமார் 147 மீட்டர் நீளம், 5,000 டன் எடை. வாங்கும்போதே அடிப்படை டிசைன் 1960-களுடையது!

ஜெகதாப்பட்டினத்தில் நின்று பார்த்தால் இவை கண்ணில் படாது. அந்தக் கடல் ஆழமில்லாதது. ராமர் பாலத்தைத் தாண்ட முடியாமல் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போகும். ஆனால், 1987-ல் அமைதிப்படை இலங்கைக்குப் போனபோது அந்தக் கரையோரம் ரோந்து சுற்றியதில் ராஜ்புத்துக்கும் பங்குண்டு. மறுவருஷம் மாலத்தீவு நடவடிக்கையிலும் இருந்தது.

அப்புறம் வந்தது சோதனை. 1991-ல் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. கப்பல் கட்டிய நிகோலாயெவ் நகரம் உக்ரைனுக்குப் போய்விட்டது. எஞ்சின் சரக்கு ஒரு நாட்டில், ஏவுகணைச் சரக்கு இன்னொரு நாட்டில். 2022-ல் அந்த இரண்டு நாடுகளுக்குமே முழு யுத்தம்.

தூக்கிப் போட்டிருக்கலாமே? போடவில்லை. கடற்படையில் பிரம்மோஸ் ஏவுகணை முதன்முதலாக ஏறியது, 2005-ல், இந்தக் கிழட்டு ராஜ்புத்தில்தான். ஏவுகணையை நெட்டுக்குத்தாக நிறுத்திச் செலுத்தும் சோதனை 2008 டிசம்பரில் ரண்வீரில் நடந்தது. உடம்பு பழசு, கையில் ஆயுதம் புதுசு.

இன்னொரு காரணம், காலக்கணக்கு. மாற்றாக வந்த விசாகப்பட்டினம் வகைக் கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தது 2011 ஜனவரி. முதல் கப்பல் கடற்படையில் சேர்ந்தது 2021 நவம்பர். பத்து வருஷத்துக்கு மேல்! அதற்குள் ரஞ்சித் 2019 மே மாதம் ஓய்வு பெற்றுவிட்டது. ராஜ்புத்தும் 2021 மே 21-ல், 41 வருஷ உழைப்புக்குப் பிறகு, விசாகப்பட்டினத்தில் கொடியை இறக்கியது. கொரோனா காலம் என்பதால் ஆரவாரமில்லாத வழியனுப்பு.

மிச்சம் மூன்று. 2022 ஜனவரி 18. மும்பை கப்பல் தளத்தில் நின்றிருந்த ரண்வீரின் உள்ளறை ஒன்றில் வெடிவிபத்து. மூன்று மாலுமிகள் இறந்தார்கள். எதிரி யாரும் இல்லை. நடுக்கடலும் இல்லை. கப்பலுக்கு அப்போது வயது 35-க்கு மேல். விபத்துக்கு வயதுதான் காரணம் என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால், பழைய கப்பல் என்றால் அதற்குள் படுத்துத் தூங்குகிற மனிதர்களும் சேர்த்திதான் என்பதை அன்றைக்கு நாடு ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தது.

2025 ஆகஸ்டில் இலங்கைக் கடற்படையோடு கூட்டுப் பயிற்சி. கொழும்புக்குப் போன நாசகாரி எது தெரியுமா? 1982-ல் சேர்ந்த ராணா!

கணக்குப் புத்தகத்தில் இயந்திரத்துக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதுவார்கள். மாலுமிக்கு அப்படியொரு பத்தி கிடையாது. ஆகவே அடுத்த முறை, பழைய கப்பலையே ஓட்டி எத்தனை கோடி மிச்சம் பிடித்தோம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், ரண்வீரின் அந்த மூன்று பேரை எந்தப் பத்தியில் எழுதினீர்கள் என்று கேளுங்கள்.