மூன்று பட்டைகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தா நின்றுகொண்டிருக்கிறார், பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணமான புதிதில் எடுத்த படம். சட்டத்தின் அடியில் பெரியப்பா வெள்ளைப் பெயின்ட்டால் ‘ஐ.என்.ஏ.’ என்று எழுதியிருக்கிறார். 1951-ல் இறந்துபோன மனிதரைப் பற்றி வீட்டில் இருந்த ஒரே சரித்திரம் அதுதான். 1972-ல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு மத்திய அரசு பென்ஷன் அறிவித்தபோது எழுதிய மனுவின் நகலும் பெட்டியில் இருக்கிறது. எழுத்து பெரியப்பாவுடையது, கைநாட்டு பாட்டியுடையது.

பெரியப்பாவின் ஆதாரம், தாத்தாவின் இடது மார்பில் உள்ள மூன்று பட்டை போட்ட சிறு நாடா. மூவர்ணம் என்று முடிவு செய்துவிட்டார். கறுப்பு வெள்ளைப் படத்தில் வர்ணம் காண்பது நம் விமர்சகர்களுக்கும் உள்ள பழக்கந்தான்.

வங்கியில் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்ப்பது என் பிழைப்பு. படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சட்டைக்கையில் இரண்டு கோணப்பட்டை, ஆகவே நாயக். இன்னொரு பட்டை இருந்தால் ஹவில்தார். கையில் பிடித்திருக்கும் தொப்பியில் யானையைத் தேடினேன். தூங்கானை மாடத்துக்காரனுக்கு அந்த ஆசை இயல்பு. தவிர, 1803-ல் நடந்த அஸ்ஸாயே போரின் நினைவாக மதராஸ் ரெஜிமென்ட் யானையைச் சின்னமாகக் கொண்டது. யானை இல்லை. விளிம்பே இல்லாமல் உயர்ந்து நிற்கும் அந்தத் தொப்பி ‘தூப்தா’. மதராஸ் ஸாப்பர்களுக்கே உரியது. பாலம் கட்டுகிறவர்கள், கண்ணி அகற்றுகிறவர்கள். ராணுவத்தில் அவர்களுக்கு இன்றும் ‘தம்பி’ என்றுதான் பெயர்.

ஆனாலும் தொப்பி எதையும் முடித்துவைப்பதில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் சரணடைந்த பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்கள்தானே ஐ.என்.ஏ.வின் முதல் ஆட்கள்? பழைய உடுப்பில் எடுத்த படம் பிந்தைய வாழ்க்கையை மறுக்காது.

மறுப்பது நாடா. பழைய ஸ்டூடியோக்களில் புழங்கிய ஆர்த்தோகுரோமாடிக் பிலிம் சிவப்பை உணராது. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துவிடும். அப்படிப் படித்தால் முதல் நாடாவின் நடுவே உள்ள கறுப்பு, சிவப்பு. ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிர்நீலம். கடற்படை, தரைப்படை, விமானப்படை. அது 1939-45 நட்சத்திரம். பக்கத்தில் பெரியப்பா கவனிக்காத இன்னொன்று: நடுவில் அகலமான கறுப்பு, இருபுறமும் வெளுப்பு, ஒவ்வொரு வெளுப்பின் ஊடேயும் மெல்லிய இருண்ட கோடு. கோடு ஆரஞ்சு. பர்மா நட்சத்திரம். அது ஏற்படுத்தப்பட்டதே 1945 மே மாதத்தில். அதற்குப் பிறகும் தாத்தா பிரிட்டிஷ் உடுப்பில், பிரிட்டிஷ் பதக்க நாடாவோடு நிற்கிறார் என்றால், அவர் நேதாஜியின் ஆள் இல்லை.

எதிர்ப்பக்கத்து ஆள் என்றே சொல்லவேண்டும். 1944-ல் இம்பாலை முற்றுகையிட்ட ஜப்பானியரோடு ஐ.என்.ஏ.வும் வந்தது. 1945 பிப்ரவரியில் நியாங்-உ அருகே பிரிட்டிஷ் இந்தியப் படை ஐராவதியைக் கடந்தபோது அக்கரையில் இருந்தது தில்லானின் நேரு படைப்பிரிவு. தாத்தா எந்தத் துறையில் மிதவை கட்டினார் என்பதை நாடா சொல்லாது. ஆனால் 1943-க்குப் பின் ஐ.என்.ஏ.வில் ஆயிரக்கணக்கில் சேர்ந்தவர்கள் மலேயா ரப்பர் தோட்டத் தமிழர்கள். கங்காணியோடு கப்பலேறியவர்களின் பிள்ளைகள். தாத்தா ராணுவத்துக்குப் போனதும் அதே வயிற்றுக்காகத்தான். வெள்ளாற்றங்கரையில் அப்போது வேறென்ன இருந்தது?

பாட்டிக்கு இதெல்லாம் தெரியாமலா இருந்திருக்கும்? அந்த உடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். மகன் நீட்டிய காகிதத்தில் விரலை ஒற்றியிருக்கிறாள். இரண்டு பிள்ளைகளை ஒற்றையாய் வளர்த்த அவளுக்கு எந்தச் சர்க்காருடைய பென்ஷனும் பென்ஷன்தான்.

படத்தைத் திரும்பச் சட்டத்தில் பொருத்தியபோது, அந்த மூன்று எழுத்துகளைச் சுரண்டிவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், “அண்ணன் எழுத்து அழகா இருக்கும்டா” என்றார்.