பானை இருந்தா குயவன் இருக்கணுமா?

இராஜாக்கமங்கலத்துல இருந்து பேசுறேன். இன்னைக்கு எடுத்துக்கிட்ட கேள்வி ரொம்பப் பழசு: எல்லாம் வல்ல கடவுள் ஒருத்தர் இருக்காரா? இருக்கார், இல்லைன்னு நான் தீர்ப்பு சொல்லப் போறதில்ல. இந்தக் கேள்விய நம்ம பக்கத்துல யார் எப்படி வாதிட்டாங்க, சொன்ன பதிலோட பாரம் யார் தலையில விழுந்ததுன்னு பார்ப்போம்.

படைச்சவன் ஒருத்தன் கிடையாதுன்னு சொல்றது ஐரோப்பாவுல இருந்து வந்த யோசனைன்னு நம்மள்ல பலபேர் நினைக்கிறோம். மார்த்தாண்டம் பக்கம் சிதறால் மலை ஏறிப் பாருங்க. பாறையில தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கும். 9ஆம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டும் அங்க உண்டு. பிற்காலத்துல அது பகவதி கோயில் ஆயிட்டுது. நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்கள்ல இன்னைக்கும் பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்காங்க. 16ஆம் நூற்றாண்டுல கூட அங்க சமணப் பண்டிதர்களுக்குக் கொடை கொடுத்ததுக்குக் கல்வெட்டு இருக்கு. சமணத்துல வழிபாடு உண்டு, நோன்பு உண்டு, துறவு உண்டு. உலகத்தைப் படைச்ச கடவுள் மட்டும் கிடையாது. ஆக, நாஞ்சில் நாட்டுல அந்தக் கடவுளை மறுத்தவங்க மதத்துக்கு வெளியில இருந்தவங்க இல்ல, சாமி கும்பிட்டவங்கதான்.

எதிர்த் தரப்பு வாதத்தைத் தமிழ்ல ரொம்பச் சுருக்கமா சொன்னவர் 13ஆம் நூற்றாண்டு மெய்கண்டார். அவரோட சிவஞானபோதத்துல மொத்தமே 12 சூத்திரம்தான். முதல் சூத்திரத்தோட சாரம் இது: அவன், அவள், அது என்று நாம் சுட்டுகிற எல்லாமே தோன்றி, நின்று, அழிகிறது. இது தானா நடக்காது. நடத்துறவன் ஒருத்தன் வேணும். அவர் மாணவர் அருணந்தி சிவாச்சாரியாரோட சிவஞான சித்தியார் இதை இன்னும் விரிக்குது. சித்தாந்திகள் வழக்கமா காட்டுற உதாரணம் பானை. மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். பானை இருந்தா குயவன் இருக்கணும், உலகம் இருந்தா இறைவன் இருக்கணும். அதே நூற்றாண்டுல ஐரோப்பாவுல தாமஸ் அக்வினாஸும், காரியத்துல இருந்து முதல் காரணத்துக்குப் போற இதே மாதிரி பாதையிலதான் போனார்.

சமணர்கள் இதுக்கு முன்னாடியே கேள்வியோட தயாரா இருந்தாங்க. 9ஆம் நூற்றாண்டுல, கர்நாடகப் பக்கம் இருந்த ஜினசேனர் தன்னோட மகாபுராணத்துல வரிசையா கேக்குறார். படைக்கிறதுக்கு முன்னாடி அவன் எங்க நின்னான்? மூலப்பொருள் எங்க இருந்து வந்தது? அவன் குறை ஒண்ணும் இல்லாதவன்னா, படைக்கணும்னு ஆசை ஏன் வந்தது? விளையாட்டுன்னா அது சின்னப் பிள்ளை வேலை. கருணைன்னா, துன்பமே இல்லாத உலகமா படைச்சிருக்கலாமே?

இந்தச் சண்டையோட அடித்தளம் அனுமானம். புகை தெரிஞ்சா நெருப்பு இருக்குன்னு சொல்றோம். ஏன்னா அடுக்களையில ரெண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கோம். குயவன் பானை செய்றதையும் பார்த்திருக்கோம். உலகம் செய்யப்பட்டதை யார் பார்த்தா? அதனால பானையில இருந்து உலகத்துக்குத் தாவ முடியாதுன்னு ஒரு பக்கம். கண்ணால பார்த்தது மட்டும்தான் அறிவுன்னா பாதி அறிவு போயிடுமேன்னு இன்னொரு பக்கம். மணிமேகலையில ஒரு இடம் வரும். காட்சி மட்டுமே போதும்ங்கிற பூதவாதிகிட்ட மணிமேகலை, உன் அப்பா அம்மா இவங்கதான்னு அனுமானம் இல்லாம எப்படித் தெரியும்னு கேப்பாள். அனுமானம் வேணும்னு சொல்ற அவளும் படைப்புக் கடவுளை ஏத்துக்காத பௌத்தம் பக்கம்தான் போறாள்.

இப்ப ‘எல்லாம் வல்ல’ங்கிற சொல்லுக்கு வருவோம். கடவுள் நல்லவர், வல்லவர். அப்ப துன்பம் ஏன்னு கிரேக்க எபிகூரஸ் பேர்ல ஒரு கேள்வி ரொம்ப காலமா சுத்திட்டு இருக்கு. சைவ சித்தாந்தத்துக்கு அது நேரா தைக்காது. ஏன்னா அங்க பதி, பசு, பாசம் மூணுமே அனாதி. உயிரை இறைவன் படைக்கல. உயிரைப் பிடிச்சிருக்கிற ஆணவத்தையும் அவன் உண்டாக்கல. இல்லாத ஒண்ணுல இருந்து உலகத்தை வரவழைக்கவும் இல்ல. மாயைங்கிற மண்ணை வச்சு, உயிர் தன் வினையைத் தீர்த்துக்கிறதுக்காக உடம்பையும் உலகத்தையும் அமைச்சுக் கொடுக்கிறான். அவன் நோக்கம் அருள். துன்பத்துக்குக் காரணம் நம்ம வினை. இது கச்சிதமான பதில். சமணருக்கும் வினைக் கொள்கை உண்டுங்கிறதால, துன்பம் எங்க இருந்து வருதுன்னு கேட்டா, கடவுள் உண்டுன்னவரும் இல்லைன்னவரும் ஒரே இடத்தைத்தான் காட்டினாங்க.

எனக்கு இடிக்கிற இடம் இதுதான். எங்க வேலையில ஒரு சிஸ்டம் விழுந்தா, ‘யூசர் ஏதோ தப்பு பண்ணிட்டார்’னு டிக்கெட்டை மூடுறது சுலபம். லாஜிக் சரியாவே இருக்கும். ஆனா காரணத்தைத் தேடுறது அங்கயே நின்னுடும். மெய்கண்டார் யாரையும் இரக்கம் காட்டாதேன்னு சொல்லல. ஆனா கடவுளைக் குற்றத்துல இருந்து விடுவிக்கிற அந்தப் பதிலை ஊர் எடுத்துப் பேசும்போது, அடிபட்டவனையே குற்றவாளி ஆக்கிடும்.

19ஆம் நூற்றாண்டுத் தென் திருவிதாங்கூர்ல தலைவரி, கூலியில்லாத ஊழியம், மேலாடைத் தடைன்னு ஜனங்க நசுங்கிக் கிடந்தாங்க. அப்ப எங்க பக்கத்து சாமித்தோப்புல எழுந்தவர் அய்யா வைகுண்டர், 1809ல இருந்து 1851 வரை வாழ்ந்தவர். 1841ல எழுதப்பட்ட அகிலத்திரட்டு அம்மானையில கஷ்டப்படுற ஜனங்க சான்றோர். நாட்டை ஆள்ற அரசன் கலிநீசன். துன்பத்தோட காரணத்தை அது கலியிலயும் அரசன்லயும் தேடுது. அய்யா கடவுளை மறுக்கல. பழி போய்ச் சேர வேண்டிய முகவரியை மாத்தினார். அரசுக்கு அது புரிஞ்சுது. அவரைப் பிடிச்சுத் திருவனந்தபுரத்துல சிறை வச்சாங்க.

இன்னொரு சம்பவம் பக்கத்துத் திருநெல்வேலியில. 1934 ஜனவரி 15ல பீகார்ல பெரிய பூகம்பம். அடுத்த வாரம் திருநெல்வேலிக் கூட்டத்துல காந்தி, இது தீண்டாமைங்கிற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனைன்னு பேசினார். தீண்டாமையை எதிர்க்கிறதுல காந்தியோட ஒத்துப்போன தாகூரே இதை மறுத்து எழுதினார். இயற்கைப் பேரழிவுக்கு இயற்கையிலதான் காரணம் இருக்கு; இதே வாதத்தை காந்தியோட எதிரிகள் அவருக்கு எதிராத் திருப்பிக்கலாம்னார். நல்ல நோக்கத்துக்குச் சொன்னாலும், செத்தவங்கள்ல பாவம் பண்ணாதவங்களும் இருந்தாங்களேங்கிற கேள்விக்கு இதுல பதில் இல்ல.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடின்னு எங்க கடற்கரை முழுக்க அலை ஏறிச்சு. மணக்குடிப் பாலத்தையே தூக்கி எறிஞ்சுது. கடவுள் ஏன் விட்டார்னு அழுத யாரையும் வாதத்தால தேத்த முடியாது. ஆனா ரெண்டாவதா ஒரு கேள்வி இருந்தது. சுமத்ரா பக்கம் கடலடித் தட்டு நகர்ந்து, அலை நம்ம கரைக்கு வர்றதுக்கு மணிக்கணக்கா நேரம் ஆயிருக்கு; அந்த நேரத்துல ஏன் யாரும் சொல்லல? இந்தியப் பெருங்கடலுக்கு அப்ப எச்சரிக்கை அமைப்பே கிடையாது. 2007ல ஹைதராபாத்துல நம்ம நாட்டோட சுனாமி எச்சரிக்கை மையம் வேலையைத் தொடங்கிச்சு. அந்த மையம் வந்தது இந்த ரெண்டாவது கேள்வியைக் கேட்டதாலதான்.

கடவுள் உண்டுன்னு சொல்றவங்களும் இந்த ரெண்டாவது கேள்வியைக் கேக்கலாம், இல்லைன்னு சொல்றவங்களும் கேக்கலாம். ‘அவன் வினை’ன்னு முடிச்சுக்கிட்டா ரெண்டு பேராலயும் கேக்க முடியாது. அடுத்த எபிசோட்ல நீலகேசி. பேயா இருந்து சமணத்துக்கு மாறி, ஊர் ஊராப் போய் வாதம் பண்ணினவ. அங்க பார்ப்போம்.