பல் வைத்தியரின் மிட்டாய்

ஐரோப்பிய அரண்மனைச் சமையற்கட்டுகளில் முன்னொரு காலத்தில் ஒரு வித்தை நடந்தது. சர்க்கரையைப் பாகாக உருக்கி, முள்கரண்டியில் தோய்த்து, குறுக்கே நீட்டிய கம்பின் மேல் இப்படியும் அப்படியும் வீசினார்கள். காற்றுப் பட்டதும் பாகு இழை இழையாக இறுகியது. அந்த இழைகளைக் கூடாகச் சுற்றி விருந்து மேசையில் வைத்தார்கள். ஒரு கூடு முடிவதற்குள் கை ஓய்ந்துபோனது. சற்றுத் தாமதித்தால் பாகு கட்டிதட்டியது. செல்வர் வீட்டு வாசலைத் தாண்டி அது வெளியே வரவேயில்லை. வெளியே கொண்டுவந்தவரோ, சர்க்கரையைப் பகையாகவே பார்க்க வேண்டிய தொழிலில் இருந்தார்!

அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் பல் மருத்துவராக இருந்தவர் வில்லியம் மோரிசன். அதே ஊரின் மிட்டாய்த் தயாரிப்பாளர் ஜான் வார்ட்டனோடு 1897-ல் அவர் கூட்டுச் சேர்ந்தார். பல்லைக் காப்பவரும் பல்லைக் கெடுப்பவரும் சேர்ந்து செய்த இயந்திரத்தின் சூட்சுமம் எளிமையானது. நடுவில் சுழலும் கிண்ணம், அதற்குச் சூடு, ஓரத்தில் நுண்ணிய துளைகள். உருகிய சர்க்கரையைச் சுழற்சியின் விசை துளை வழியே வெளியே தள்ளியது. காற்றைத் தொட்ட கணத்தில் அது மயிரிழையைவிட மெல்லிய நூலாக உறைந்தது. சமையற்காரரின் கை செய்த வேலையை ஒரு கிண்ணம் செய்துவிட்டது. 1899-ல் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால், வாங்கித் தின்ன ஆள் வேண்டுமே?

அந்த ஆள் கூட்டம் 1904-ல் செயின்ட் லூயிஸ் உலகப் பொருட்காட்சியில் திரண்டது. 'தேவதை நூல்' என்ற பொருள் தரும் பெயரோடு இருவரும் கடை விரித்தார்கள். ஒரு பெட்டி 25 சென்ட். பொருட்காட்சிக்குள் நுழையும் கட்டணமே 50 சென்ட்தான்! நுழைவுச்சீட்டில் பாதி விலையைக் கொடுத்து, வாயில் வைத்ததும் காணாமல் போகும் ஒன்றை யார் வாங்குவார்கள்? வாங்கினார்கள். 68,655 பெட்டிகள் விற்றன. ஒரே பொருட்காட்சியில் 17,000 டாலருக்கு மேல் வருமானம்.

வெற்றிக்குப் பிறகு தலைவலி தொடங்கியது. பழைய இயந்திரங்கள் கடகடவென்று ஆடின, அடிக்கடி பழுதாகின. 1921 வாக்கில் நியூ ஆர்லியன்ஸில் ஜோசப் லாஸ்கோ என்பவர் இதே போன்ற ஓர் இயந்திரத்தைச் செய்தார். அவருடைய தொழிலும் பல் மருத்துவம்தான்! இந்தத் தற்செயலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. தேவதையை விட்டுவிட்டுப் பஞ்சை வைத்து அவர் சூட்டிய பெயர் அமெரிக்காவில் நிலைத்தது. ஆட்டத்தை அடக்கியது 1949-ல் சின்சினாட்டியின் கோல்டு மெடல் நிறுவனம். இயந்திரத்தின் அடியில் ஸ்பிரிங் வைத்தது. அதன் பிறகு, கூட்டம் கூடும் எந்த மைதானத்துக்கும் அதைத் தூக்கிப் போக முடிந்தது.

மதுரையில் கூட்டத்துக்கா பஞ்சம்? அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையிலும், தமுக்கம் மைதானத்தில் ஆண்டுதோறும் நடந்த சித்திரைப் பொருட்காட்சியில் ராட்டினத்துக்குப் பக்கத்திலும், மணியை ஆட்டிக்கொண்டு அது நின்றது. பஞ்சு மிட்டாய்! அரண்மனைக் கூடு ஒரு குச்சியில் ஏறி, ரோஸ் நிறம் பூசிக்கொண்டு, அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தும் பண்டமாகியிருந்தது. அந்த ரோஸ் நிறமே அதற்கு வினையாக வந்தது.

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரி தடை விதித்தது. சென்னையில் எடுத்த மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்தபோது, துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் கலந்திருப்பது தெரிந்தது. அதே மாதம் 17-ஆம் தேதி தமிழ்நாடு அரசும் தடையை அறிவித்தது. குழந்தைகள் விரல் சப்பித் தின்றதில் துணிச் சாயம் என்ற செய்தி பெற்றவர்களைக் கலங்க வைத்தது, கலங்கியது நியாயமே. மலிவான நிறத்துக்காகப் பிள்ளைகளின் உடம்பைப் பணயம் வைத்ததை மன்னிக்க முடியாது. பஞ்சு மிட்டாயின் கதை அத்தோடு முடிந்தது என்றே தோன்றியது.

ஆனால் இயந்திரத்தின் மேல் எந்தக் குற்றமும் இல்லையே. அதற்குச் சர்க்கரை போதும், சாயம் தேவையில்லை. இன்று மதுரையின் கே.கே. நகரிலும் அண்ணா நகரிலும் பிறந்தநாளுக்குக் கார்னிவல் தீம் வைக்கும் வீடுகளில், மொட்டை மாடியில் பலூன் சுடும் தட்டிக்குப் பக்கத்தில், வாடகைக்கு எடுத்த பஞ்சு மிட்டாய் மெஷின் சுழல்கிறது. கண்ணெதிரே வெறும் சர்க்கரையைக் கொட்டி வெள்ளையாகவே சுற்றித் தருவதுதான் நல்லது. அளவும் கையில் இருக்கும், பயமும் இல்லை. இழைகளுக்கு ஈரம் ஆகாது. சித்திரை வெயிலில் குச்சி சற்று நேரம் தாங்கும். ஐப்பசி மழையில் பிறந்தநாள் வந்தால் முன்கூட்டிச் சுற்றி அடுக்குவதெல்லாம் வீண். பிள்ளைகளை மெஷினுக்கு முன்னால் வரிசையில் நிறுத்தி, சுற்றச் சுற்றக் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான்.