கெளுத்திக்கு வந்த கெட்ட பெயர்

அடுத்தவர் படத்தை ஒட்டி, இல்லாத பெயரில் கணக்குத் திறந்து, மாதக்கணக்கில் ஒருவரை நம்பவைத்துப் பழகும் ஆளை ஆங்கிலத்தில் 'கேட்ஃபிஷ்' என்கிறார்கள். கேட்ஃபிஷ் என்றால் கெளுத்தி. அகராதிகள் கெளிறு என்றும் சொல்லும் மீசைக்கார மீன். வலையிலிருந்து எடுக்கும்போது துடுப்பு முள் குத்திவிட்டால் கை விண்விண்ணென்று தெறிக்கும், அது உண்மைதான். ஆனால் வேறொரு மீனாக வேஷம் போட்டு அது யாரையும் ஏமாற்றியதில்லை. பிறகு எப்படி இந்தப் பெயர் போய் அதன் தலையில் விழுந்தது?

கடவுச்சொல் திருடும் 'ஃபிஷிங்' என்ற சொல்லோடு இதை முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. அது 1990களின் நடுவில் கணினித் திருடர்கள் வட்டாரத்தில் பிறந்த சொல். தூண்டில் போடுவதைக் குறிப்பது. ஓசை ஒற்றுமைதான் இருக்கிறது, உறவு இல்லை.

கேட்ஃபிஷ் வந்த வழி அதே பெயர் கொண்ட ஓர் ஆவணப்படம். 2010 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் முதலில் திரையிடப்பட்டது. ஹென்றி ஜூஸ்ட், ஏரியல் ஷுல்மன் இருவரும் இயக்கினார்கள்; படத்தின் நாயகன் ஏரியலின் தம்பி நெவ். நியூயார்க்கில் புகைப்படக்காரர். அவர் எடுத்து நாளிதழில் வந்த ஒரு படத்தைப் பார்த்து, மிச்சிகன் மாநிலத்தின் இஷ்பெமிங் என்ற சிற்றூரிலிருந்து எட்டு வயதுச் சிறுமி ஓவியமாகத் தீட்டி அனுப்பியதாக ஒரு பார்சல் வருகிறது. நெவ் நெகிழ்ந்துபோகிறார். ஓவியங்கள் தொடர்கின்றன. சிறுமியின் அம்மா ஃபேஸ்புக்கில் பழக்கமாகிறார். பிறகு அக்கா மேகன். மேகன் அழகி, பாடுவாள், ஆடுவாள். காதல் வருகிறது.

நெவ் காதலித்த மேகன் என்று யாரும் இல்லை. படங்கள் வேறொரு பெண்ணுடையவை. ஓவியங்களைத் தீட்டியது சிறுமியும் இல்லை. எல்லாம் அந்த அம்மா ஒருவரின் கைவேலை.

ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அந்த நம்பிக்கை எப்படிக் கட்டப்பட்டது என்று பார்த்தால் சிரிப்பு வராது. ஓர் அழகான முகத்தை மட்டும் காட்டி அந்தப் பெண் நெவ்வை மயக்கவில்லை. மேகனுக்கு ஒரு சகோதரன், உறவினர்கள், தோழிகள் என்று ஒரு டஜனுக்கும் மேற்பட்ட கணக்குகளை அவரே நடத்தினார். அவர்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் வந்து எழுதினார்கள், கேலி செய்தார்கள், வாழ்த்தினார்கள். நம் ஊரில் மாப்பிள்ளையைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பார்களே, அந்த நாலு பேரையும் சேர்த்தே அவர் படைத்துவிட்டார். விசாரித்தவருக்கு எல்லா வாயிலிருந்தும் ஒரே பதில்தான் கிடைக்கும். அது போதாதென்று கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய நிஜ ஓவியங்கள் தபாலில் வந்துகொண்டே இருந்தன. பொய்யை நிறுத்திவைக்க அந்த ஒரு நிஜம் போதுமானதாக இருந்தது. அதுவும் நல்ல கை. ஓவியங்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன.

அந்தப் பொய் உடைந்தது ஒரு பாடலால். மேகன் தானே பாடியதாக அனுப்பிய பாடலை இணையத்தில் தேடியபோது, வேறொருவர் குரலில் அதே பதிவு கிடைத்தது. அந்தப் பெண் படைத்த ஊரில் ஆயிரம் பேரிடம் கேட்டிருந்தாலும் இது தெரியவந்திருக்காது. அவருடைய கைக்கு எட்டாத ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

சொல்லுக்கு வருவோம். படத்தின் கடைசியில் அந்தப் பெண்ணின் கணவர் ஒரு கதை சொல்கிறார். அலாஸ்காவிலிருந்து சீனாவுக்குக் கப்பல் தொட்டிகளில் காட் மீன்களை உயிரோடு கொண்டுபோனார்களாம். போய்ச் சேருவதற்குள் அவை அசையாமல் கிடந்து சதை கொழகொழத்துப் போயிற்றாம். யாரோ தொட்டியில் கெளுத்தியை விட்டதும், அது துரத்தத் துரத்த காட் மீன்கள் சுறுசுறுப்பாகவே போய்ச் சேர்ந்தனவாம். வாழ்க்கையிலும் நம்மைத் தூங்கவிடாத அப்படிப்பட்ட மனிதர்கள் வேண்டும் என்று முடிக்கிறார். மனைவியைத்தான் சொல்கிறார், திட்டவில்லை, பாராட்டுகிறார்! அவர் வாயில் கெளுத்தி என்பது ஏமாற்றுக்காரரைக் குறிக்கவே இல்லை.

கதையும் அவருடையது அல்ல. 1913இலேயே ஆங்கிலப் பத்திரிகையாளர் ஹென்றி நெவின்சன் தம் 'எஸ்ஸேஸ் இன் ரெபெல்லியன்' கட்டுரை நூலில் இதைச் சொல்லியிருக்கிறார். அங்கே இடம் வட கடல். கெளுத்தி என்பது மந்தமான சமூகத்தைக் குத்திக் கிளப்பும் கலகக்காரன். அதே ஆண்டு சார்லஸ் மேரியட் 'தி கேட்ஃபிஷ்' என்றே ஒரு நாவல் வெளியிட்டார். சீனாவில் இன்றும் நிர்வாகவியல் பேசுகிறவர்கள் 'கெளுத்தி விளைவு' என்று, சோம்பிய அலுவலகத்தில் போட்டிக்காரன் ஒருவனை நுழைப்பதன் பலனை விளக்குவார்கள். நூறாண்டாகக் கெளுத்திக்கு நல்ல பெயர்தான்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. வட கடல் பக்கத்தில் மீனவர்கள் கேட்ஃபிஷ் என்று சொல்லிவந்தது மீசைக் கெளுத்தியை அல்ல. ஓநாய்மீன் என்று வழங்கும், மீசையே இல்லாத, பெரிய பற்கள் கொண்ட வேறொரு கடல்மீனை. ஆக இந்தப் பெயரிலேயே ஓர் ஆள்மாறாட்டம் இருக்கிறது. கதையின் உண்மையும் சந்தேகம்தான். அலாஸ்காவின் காட் இன்று சீனாவுக்கு உறைந்த நிலையில்தான் போகிறது. துரத்தப்படும் மீன் தெம்பாவதைவிடக் களைத்துப்போகத்தான் வாய்ப்பு அதிகம். படமே ஜோடிக்கப்பட்டது என்று சந்தேகித்தவர்களும் இருந்தார்கள், இயக்குநர்கள் மறுத்தார்கள்.

பொருள் திரும்பியது படம் வந்த பிறகு. 2012 நவம்பரில் நெவ்வே நடத்திய 'கேட்ஃபிஷ்' தொடர் எம்டிவியில் தொடங்கியது. கூகுள் 2011இல் கொண்டுவந்த, படத்தைக் கொடுத்துத் தேடும் வசதிதான் அதில் முக்கியக் கருவி. 2013 ஜனவரியில் நோட்ரே டேம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் மான்டை டேயோவின் இறந்துபோன காதலி உயிரோடு இருந்ததே இல்லை என்ற செய்தி வெடித்தது. பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர் நிருபர்களிடம் 'கேட்ஃபிஷ்' ஆவணப்படத்தின் பெயரைத்தான் சொல்லி விளக்கினார். 2014இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி புதிய பொருளை ஏற்றது. அந்த ஆண்டுப் பட்டியலில் 'யூப்பர்' என்ற சொல்லும் உண்டு: மிச்சிகனின் மேல் தீபகற்பத்துக்காரர். இஷ்பெமிங் இருப்பது அங்கேதான்.

ஆங்கிலச் சொல் ஆளை மீனாக்கி வேடிக்கை பார்க்கிறது; அவர் செய்தது என்ன என்று சொல்வதில்லை. நம்மவர்கள் 'ஃபேக் ஐடி' என்கிறார்கள். அது கணக்கைச் சொல்கிறது, ஆனால் செயலைச் சொல்லவில்லை. தேர்வுக்கூடத்திலும் வாக்குச்சாவடியிலும் பத்திரப்பதிவிலும் வழங்கும் 'ஆள்மாறாட்டம்' இதற்கும் அப்படியே பொருந்தும். மொழிபெயர்ப்பாளர்கள் பூனைமீன், கெளுத்தியாடல் என்று எதையும் புதிதாகக் கிளப்ப வேண்டாம். இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும், கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது.