அருவி இவர்களுடையது, ஒளி யாருடையது?

கொல்லிமலையைப் பற்றிப் பேசத் தொடங்கும் புலவர் எவரும் ஓரியை விட்டுவிட்டுப் பேசமாட்டார். வல்வில் ஓரி! ஒரே அம்பால் பல விலங்குகளைத் துளைத்தானாம்! வன்பரணர் பாடினார், பரிசில் பெற்றார். பின்னர் முள்ளூர் மன்னன் காரி அந்த ஓரியைக் கொன்றான். கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு. கொடுத்தான் — மலையை! அந்த மலையிலே தினை விதைத்து வாழ்ந்தவனைக் கேட்டா கொடுத்தான்? பாட்டு அதைச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று எவருக்கும் தோன்றவுமில்லை. மன்னர்கள் மறைந்தார்கள். மலையின் செல்வத்தை மலைமகனைக் கேட்காமலே கைமாற்றும் வழக்கம் மட்டும் மறையவில்லை. மின்சாரத்தின் வரலாறு அதற்குச் சான்று.

நம் மாநிலத்தில் மின்சாரம் பேரளவில் பிறந்த இடம் மலை. நீலகிரியின் பைக்காரா ஆற்றைக் குழாயில் இறக்கும் வேலை 1929-ல் தொடங்கி, 1932-ல் மின்சாரம் கிடைத்தது. கோவையின் பஞ்சாலைகளிலே கதிர்கள் சுழன்றன. நகரத்து வீதிகளிலே விளக்குகள் எரிந்தன. வேண்டியதுதான், வரவேற்கத்தக்கதுதான்! ஆனால், ஆற்றைத் தந்த மலையின் குடிசைகளை அந்தக் கம்பிகள் தேடிப் போகவில்லை. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. 1937-ல் அங்கே மின் நிலையம் இயங்கிற்று. மேட்டூர் சேலம் மாவட்டம். கொல்லிமலையும் அந்நாளில் சேலம் மாவட்டம்தான். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல். ஒரே மாவட்டம், ஒரே ஆட்சியர். ஆயினும் ஆலைக்கு ஒளி முதலில், மலைக்கு ஒளி கடைசியில்.

ஏன் என்று கேட்டால், ‘கணக்கு’ என்பார்கள். சமவெளியில் ஒரு கல் தொலைவுக்குக் கம்பி இழுத்தால் நூறு வீடு என்று வைத்துக்கொள்வோம். மலையில் அதே தொலைவுக்குப் பத்து வீடு. கம்பத்தைச் சுமந்து ஏற்றவேண்டும். பாறையைக் குடைந்து நடவேண்டும். எழுபது கொண்டைஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலையை அடைந்ததை, சுற்றுலா சென்று வந்த தோழர்கள் வயிறு கலங்கிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தச் செலவுக்கு வருமானம் வராது — இதுதான் கணக்கு.

இதே கணக்கைத்தான் அமெரிக்க நாட்டு மின் கம்பெனிகளும் போட்டன. 1930-களின் நடுவில் அங்கே நகரத்து வீடுகள் நூற்றுக்குத் தொண்ணூறில் மின்சாரம். உழவர் பண்ணைகளிலோ நூற்றுக்குப் பத்து. ‘இலாபம் இல்லை’ என்று கம்பெனிகள் கைவிரித்தன. 1935-ல் ரூஸ்வெல்ட் அரசு கிராம மின்மயத்துக்கென ஒரு துறையைத் தொடங்கிற்று. குறைந்த வட்டிக்குக் கடன் தந்தது. உழவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே கம்பி இழுத்தார்கள். இருபதே ஆண்டுகளில் பத்துக்கு ஒன்பது பண்ணைகளில் விளக்கு எரிந்தது! கம்பெனியின் கணக்கு பொய்யல்ல. அது யாருக்காகப் போடப்பட்ட கணக்கு என்பதே கேள்வி.

இங்கே 1957-ல் சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்தது. ஊர்தோறும் கம்பி இழுத்ததில் இந்த மாநிலம் இந்தியாவுக்கே வழிகாட்டிற்று. அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை. கொல்லிமலையிலும் செம்மேடு முதலிய ஊர்களில் இன்று விளக்கு எரிகிறது. ஆனால் சலுகைகள் எந்தப் பக்கம் ஓடின என்று பாருங்கள். 1984-ல் சிறு விவசாயிகளின் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம். 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும். வானத்தை நம்பி மலைச்சரிவில் சாமை விதைப்பவனிடம் பம்புசெட் ஏது? அவனும் விவசாயிதான், அவன் பங்கு சுழி. 2016-ல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றார்கள். ஏழையின் கட்டணம் குறைந்தது, நல்லதே. மாளிகைக்கும் அதே நூறு. குடிசைக்கும் அதே நூறு. இணைப்பே கிடைக்காத குடிசைக்கு ஒன்றுமில்லை!

சமையலறையின் கதை இதைவிடக் கசப்பு. 2007-ல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்புத் தந்தது. 2016-ல் மத்திய அரசு உஜ்வலா திட்டம் கொண்டுவந்தது. அடுப்பு வந்துவிட்டது, உருளையை நிரப்பப் பணம்? உஜ்வலா பயனாளிகள் ஆண்டுக்குச் சராசரியாக 3.21 உருளைகளே நிரப்பினார்கள் என்று, 2018 டிசம்பர் வரையிலான கணக்கைப் பார்த்த மத்தியத் தணிக்கை அறிக்கை கூறிற்று. ஆண்டுக்கு மூன்று உருளையிலா ஒரு குடும்பம் சமைக்கும்? மற்ற நாளெல்லாம் விறகுதான், விறகென்றால் புகைதான். வீட்டுக்குள் சூழும் அந்தப் புகையால் உலகில் 2020-ல் 32 இலட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ‘தலைவிதி’ என்று கிழவிகள் சொல்லக்கூடும். விதி எழுதியவன் விறகடுப்பைப் பெண்ணிடம் மட்டும் கொடுத்தானா என்று நாம் கேட்கக்கூடாதா?

கொல்லிமலைப் பெண்ணுக்கு இன்னொரு சுமையும் இருந்தது — உரலும் உலக்கையும். சாமையின் உமி எளிதில் பிரியாது. குத்திக் குத்தித்தான் அரிசி எடுக்கவேண்டும். இயந்திரம் செய்யவேண்டிய வேலையைத் தோள் செய்தது. நாளடைவில் சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலத்தில் மரவள்ளி பரவிற்று. கிழங்கு சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்கிற்று. கிழங்கு தந்த காசு ஒரு காரணம். உலக்கையின் கொடுமையும் ஒரு காரணம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலை ஊர்களில் சிறு அரவை இயந்திரங்களை நிறுவி மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தபோது, குறைந்தது உழைப்பு மட்டுமன்று. சிறுதானியத்தை மீண்டும் நினைக்கவும் வழி பிறந்தது. மின்சாரம் எங்கோ எரியும் குமிழ் என்று எண்ணுவோர், அது ஒரு பெண்ணின் தோள்வலியையும் ஒரு மலையின் பயிரையும் முடிவு செய்வதை அறியவேண்டும்.

இப்போது ஓரியின் மலைக்கு மீண்டும் ஒரு கைமாற்றம் வந்திருக்கிறது. கொல்லிமலையின் ஓடைகளைத் திருப்பி 20 மெகாவாட் மின்சாரம் எடுக்க மின்வாரியம் திட்டம் வகுத்தது. ஆகாய கங்கை அருவி வறண்டுவிடுமோ, வயலுக்கு நீர் குறையுமோ என்று மலைமக்கள் எதிர்த்தார்கள். நீர்மின்சாரத்தை நான் வெறுப்பவன் அல்லன்; நிலக்கரிப் புகையைவிட அது மேல். ஆனால் பைக்காராவில் கேட்காமல் விட்ட கேள்வியை இங்கேயாவது கேட்கவேண்டும்: இந்த இருபதில் மலைக்கு எவ்வளவு? கடைசிச் சிற்றூருக்குக் கம்பி எப்போது?

‘காட்டுக்குள் கம்பி இழுக்கச் சட்டம் தடுக்கிறது’ என்பதே மலைமக்கள் கேட்கும் வழக்கமான பதில். 1882-ம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம், 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் என்று அடுக்குவார்கள். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தை மட்டும் சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், பள்ளிக்கும் சாலைக்கும் மின்கம்பிக்கும் ஒதுக்க அந்தச் சட்டம் இடந்தருகிறது. அதற்குக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். மலையைக் கொடுக்குமுன் மலைமகனைக் கேள் என்று ஏட்டில் எழுதப்பட்ட இடம் அது. பிரிவு எண் 3(2). கொல்லிமலைக்குச் செல்லும் தோழர்கள், அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், அந்த எண்ணை ஒவ்வொரு சிற்றூரிலும் சொல்லிவிட்டு வாருங்கள்.